ராத்திரி ஃபேனுக்கு டீசல் வேண்டாம்

2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, வலு குறைந்தபடியே எங்கள் வேலூர்ப் பக்கமாக நகர்ந்து போனது. ஒடுகத்தூருக்கு அருகே, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. லைனின் கடைசி வீடு எங்களுடையது. எங்கே மரம் விழுந்தாலும் இருட்டு எங்களுக்கு முதலில் வரும், வெளிச்சம் கடைசியில் வரும். வீட்டில் 5 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) டீசல் ஜெனரேட்டர் இருந்ததால் தைரியமாக இருந்தோம். மூன்று ராத்திரியும் விடிய விடிய ஓட்டினோம். ஓடியது என்னவோ கொசுவுக்காக நான்கு ஃபேன், ஏழெட்டு எல்.இ.டி. பல்பு, இடையிடையே அப்பாவின் நெபுலைசர். அவ்வளவுதான்.

நான்காம் நாள் காலையில் சைலன்சர் இணைப்பிலிருந்து தார் மாதிரி ஒரு கருப்புக் குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. புகை வெள்ளையாக வந்தது. வந்து பார்த்த மெக்கானிக் தம்பி சைலன்சரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினார். "என்ஜினுக்கு வேலை குடுக்கணும்ணா. சும்மா ஓட்டிகினு இருந்தா அதுவே கெட்டுடும்."

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கலாமா, இன்வெர்ட்டர் போதுமா, சோலார் போடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். "எத்தனை கேவிஏ வாங்கலாம்" என்று ஆரம்பித்தால் கணக்கு தப்பாகப் போகும். எது விடிய விடிய மெதுவாக ஓடும், எது கொஞ்ச நேரம் கனமாக இழுக்கும் என்று வீட்டிலுள்ள சாமான்களை இரண்டாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. ஃபேன், பல்பு, வைஃபை எல்லாம் முதல் வகை. மோட்டார், கிரைண்டர், ஏ.சி., அயர்ன்பாக்ஸ் இரண்டாம் வகை. ஃபிரிட்ஜ் இரண்டுக்கும் நடுவில். முதல் வகைக்கு டீசல் எதிரி. இரண்டாம் வகைக்கு டீசலைப் போல உழைக்கிற ஆள் கிடையாது.

ஏன் எதிரி என்று பார்ப்போம். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை இறுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. லோடு, அதாவது கரண்டை இழுக்கிற சாமான், இல்லாமல் ஓடினால் சிலிண்டர் வேண்டிய அளவு சூடாகாது. டீசல் முழுக்க எரியாமல் கரியோடு கலந்து சைலன்சரில் தங்கும், டீசலைப் பீய்ச்சும் நாசில் முனையில் படியும், சிலிண்டர் சுவரைக் கண்ணாடி போல வழவழப்பாக்கி பிஸ்டன் ரிங்கின் பிடிமானத்தைக் கெடுக்கும். 30 சதவீத லோடுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 5 கேவிஏ என்றால் பவர் ஃபேக்டர் (கேவிஏ-வில் வேலைக்கு உதவும் பங்கு) 0.8 வைத்து 4 கிலோவாட். அதில் 30 சதவீதம் 1,200 வாட். நாங்கள் கொடுத்ததோ 300 வாட்.

காசும் அப்படித்தான் கரைகிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவுக்கு வெப்பம் அடங்கியிருக்கிறது. சிறிய செட் நல்ல லோடில் ஓடும்போது அதில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை கரண்டாகக் கொடுக்கும். அதாவது லிட்டருக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட். டீசல் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஒரு யூனிட் 30 முதல் 37 ரூபாய். இது நல்ல லோடில். அதே செட் 300 வாட்டுக்கு ஓடினாலும் தன்னைத் தானே சுற்றிக்கொள்ள மணிக்கு அரை லிட்டர் அளவுக்குக் குடிக்கும். ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 0.3 யூனிட், செலவு 45 ரூபாய். யூனிட்டுக்கு 150 ரூபாய் கொடுத்து ஃபேன் காற்று வாங்கியிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் ஜெனரேட்டர் வாங்கியது 2012-ன் நினைவில். அந்த வருஷம் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனது. காட்பாடியிலும் குடியாத்தத்திலும் கடைவீதி முழுக்க ஜெனரேட்டர் சத்தமும் புகையுமாக இருந்தது. அந்தப் பயத்தில் இன்றைக்கும் பெரிய செட்டாக வாங்குகிறார்கள். இன்றைய தொந்தரவு வேறு: மாதாந்திரப் பராமரிப்பு நாள், கோடை மழைக் காற்றில் அறுகிற கம்பி, எப்போதாவது ஒரு புயல். சத்துவாச்சாரி போல நகருக்குள் இருப்பவருக்கு நல்ல இன்வெர்ட்டர் போதும், டீசல் தேவையே இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

இன்வெர்ட்டர் கணக்கு எளிது. 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, 12 வோல்ட், காகிதத்தில் 1.8 யூனிட். ஈய பேட்டரியை முழுக்க வற்ற விட்டால் ஆயுள் போய்விடும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். ஆகக் கையில் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 வாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இங்கே பலர் இரண்டாவது பேட்டரி வாங்க ஓடுகிறார்கள். அதற்கு முன் ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்கிற பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும். நான்கு ஃபேனை மாற்றியதில் எங்கள் வீட்டு ராத்திரி லோடு பாதிக்கும் கீழே வந்தது. அதே பேட்டரி பிறகு விடியும் வரை தாங்கியது. கரண்ட் இருக்கும் நாளிலும் பில் குறைகிறது.

வேலூர்க்காரர்கள் மறந்துவிடுகிற ஒன்று வெயில். பேட்டரி இருக்கும் இடத்தின் சூடு 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மாடிப்படிக்குக் கீழே, மேற்குச் சுவர் ஓரமாக, காற்றே வராத மூலையில் வைத்தால் கத்திரி வெயில் அதை வேக வைத்துவிடும். வீட்டின் வடக்குப் பக்கம், நிழலும் காற்றும் உள்ள இடம் பார்த்து வையுங்கள். மே மாதம் டிஸ்டில்ட் வாட்டர் அளவை இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும்.

பெட்ரோல் ஜெனரேட்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடை குறைவு, சத்தம் குறைவு, கயிற்றை இழுத்தால் கிளம்பும். லோடு குறைவாக இருந்தாலும் டீசல் அளவுக்குக் கெடாது. ஆனால் அதே யூனிட்டுக்கு எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், பெட்ரோல் விலையும் அதிகம், வீட்டில் சேர்த்து வைப்பது ஆபத்து. வருஷத்துக்கு ஐந்தாறு தடவை, ஒரு மணி நேரம் என்றால் சரி. அரை ஹெச்.பி. மோட்டாருக்கு மேல் அதை நம்பாதீர்கள்.

இனி டீசல். மோட்டார் இருக்கிற வீட்டில்தான் இதற்கு அர்த்தம் உண்டு. கிராமத்து வீட்டில் மோட்டார் இல்லையென்றால் குளியலும் இல்லை, மாட்டுக்குத் தண்ணீரும் இல்லை. மோட்டாரின் குணம் கிளம்பும்போதுதான் தெரியும். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 1,100 வாட் அளவில் எடுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடி ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால்தான் 1 ஹெச்.பி. சப்மெர்சிபிளுக்கு 5 கேவிஏ என்கிறார்கள். 2 கேவிஏ-வில் மாட்டினால் மோட்டார் முனகும், வோல்ட்டேஜ் சரியும், காயில் கருகும்.

இந்த அளவில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது, ராஜ்கோட்டில் செய்கிற பழைய லிஸ்டர் (இங்கிலாந்துக் கம்பெனி) பாணி என்ஜின்: நிமிஷத்துக்கு 650 சுற்று, 6 ஹெச்.பி., இரண்டு பெரிய இரும்புச் சக்கரம், பெல்ட் போட்டுத் தனி டைனமோ. அதன் 'டுக் டுக்' சத்தம் எனக்குப் பிடிக்கும். அந்தச் சக்கரத்தின் கனமே மோட்டார் கிளம்பும் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் போடுவார். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிப்பதால் 650 சுற்றில் நிமிஷத்துக்கு 325 தடவைதான் வெடிக்கும், நொடிக்கு ஐந்து. அந்த ஐந்து உதைப்பும் பல்பில் நடுங்கித் தெரியும். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படிக்க முடியாது. எடை 300 கிலோவுக்கு மேல், கான்கிரீட் மேடை வேண்டும், தண்ணீர்த் தொட்டி வைத்துக் குளிர வைக்க வேண்டும், சத்தம் தெருவுக்கே கேட்கும். கொல்லையில் தனியாக நிற்கிற ஷெட்டுக்கு இது பொருந்தும், வீட்டுச் சுவர் ஓரத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது, 3,000 சுற்றில் ஓடுகிற சின்ன டீசல் செட். விலை குறைவு, சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். அடுத்துச் சொல்லப்போகும் 1,500 சுற்று செட்டைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் தேய்மானமும் கூடுதல், காதைத் துளைக்கும், சில ஊர்பேர் தெரியாத செட்டுகளுக்கு ஒரு நாசில் கிடைக்கவே சென்னைக்கு அலைய வேண்டும். நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்றாவது, 1,500 சுற்றில், டைனமோ நேராகக் கோத்து, பெட்டிக்குள் அடைத்த சைலன்ட் செட். சைலன்ட் என்று பெயர்தான். சட்டப்படி பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபல் வரை இருக்கலாம். பக்கத்தில் நின்று பேச உரக்கத்தான் பேச வேண்டும். இருந்தாலும் வீட்டுக்கு இதுவே சரி. 2023 ஜூலை 1 முதல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்காம் கட்ட விதிக்கு உட்பட்ட செட்டைத்தான் புதிதாகச் செய்ய வேண்டும்; அதனால் விலை ஏறியது, பழைய செட்டுக்குக் கிராக்கியும் ஏறியது.

பழையது வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். போய் நின்றதும் முதலில் என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நல்ல என்ஜின் ஆறிக் கிடந்த நிலையில் இரண்டு மூன்று உதையில் பிடிக்க வேண்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் போய்விட்டது. நீலப் புகை ஆயில் எரிகிறது என்று சொல்லும். கருப்புப் புகை லோடு போடும் நொடியில் மட்டும் வந்து மறைந்தால் குற்றமில்லை. எதுவானாலும் லோடு போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இரண்டு அயர்ன்பாக்ஸைக் கையோடு கொண்டுபோனால் 2,000 வாட் கிடைத்துவிடும்.

கழனிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு முற்றிலும் வேறு. 5 ஹெச்.பி. சப்மெர்சிபிளை நேராக ஸ்டார்ட் செய்ய 15 முதல் 18 கேவிஏ செட் வேண்டும். கிளம்பும் இழுப்பைக் குறைக்கிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் இதைக் குறைக்கலாம். எப்படியிருந்தாலும் டீசலைக் கரண்டாக்கி, கரண்டை மறுபடி சுற்றலாக்கி, இரண்டு இடத்தில் நஷ்டப்படுகிறோம். திறந்த கிணறு இருந்தால் 5 ஹெச்.பி. ஆயில் என்ஜினில் பம்பை நேராகக் கோத்துவிடலாம். மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் போதும். ஜெனரேட்டர் வழியாகப் போனால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆகும். நம் தாத்தாக்கள் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை விட்டு ஆயில் என்ஜினுக்கு மாறியபோது செய்தது இதைத்தான். ஆனால் மேலே வைத்த பம்ப் 7, 8 மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது. நீர்மட்டம் இறங்கினால் பம்பையும் இறக்க வேண்டும். 800 அடி போர் போட்டவர்களுக்கு இந்த வழி அடைபட்ட வழி. அவர்கள் மும்முனை கரண்ட் வரும் நேரத்தில் தொட்டியில் ஏற்றி வைப்பதுதான் மலிவு. பெரிய தொட்டியும் ஒரு பேட்டரிதான் என்று நான் நினைப்பதுண்டு.

சோலார் பற்றிப் பெரிய தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் பலரும் போடுகிறார்கள், நல்லது. ஒரு கிலோவாட் நம் வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆனால் லைனோடு இணைந்த அந்த வகை, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர் மேல் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் மாடி நிறையப் பேனல் இருந்தும் வீட்டில் ஃபேன் ஓடாது. கரண்ட் போகும்போதும் வேண்டுமென்றால் பேட்டரி வைத்த ஹைப்ரிட் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

லைனே வராத மலைக் கொல்லையில் வீடு கட்டுகிறவருக்கு அந்த ஹைப்ரிட்தான் முதுகெலும்பு. டீசல் மழைக்காலத் துணை. அங்கே டீசலை மட்டும் நம்பி வாழ்வது முடியாத காரியம், ஒவ்வொரு கேனும் மலையேற வேண்டும். உயரத்துக்கும் கணக்கு உண்டு. காற்று மெலிவதால் 100 மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம் சக்தி குறையும். ஏலகிரி உயரமான 1,100 மீட்டரில் 5 கேவிஏ செட் நாலரைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கீழே எங்களுக்கு உயரம் இல்லை, ஆனால் சூடு அதே வேலையைச் செய்கிறது. டைனமோவின் அளவு பொதுவாக 40 டிகிரி வரைக்குமானது. மே மாத வேலூர் அதைத் தாண்டும், தகர ஷெட்டுக்குள் இன்னும் தாண்டும். இரண்டு இடத்திலும் கொஞ்சம் தாராளமாக அளவு எடுங்கள்.

மலையிலும் அடிவாரத்திலும் இப்போது நாங்கள் செய்வது ஒரே முறை. ராத்திரியைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். நீண்ட கரண்ட் வெட்டு என்றால் காலையில் ஒன்றரை மணி நேரம் டீசல். அந்த நேரத்துக்குள் மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜ் எல்லாம் ஒன்றாக. என்ஜின் நல்ல லோடில் சூடாகி, பழைய கரியையும் எரித்துக்கொள்ளும். இதில் ஒரு குறை உண்டு. சாதாரண இன்வெர்ட்டர் 15 ஆம்பியரில்தான் சார்ஜ் செய்யும். ஒன்றரை மணி நேரத்தில் 20 ஏ.ஹெச். அளவுக்குத்தான் தேறும். அதனால் வேகமாகச் சார்ஜ் ஏற்கும் லித்தியம் பேட்டரிக்கும் அதற்கேற்ற சார்ஜருக்கும் மாறினோம். ஆரம்பச் செலவு வலித்தது. எரியும் டீசல் குறைந்தது.

செட்டை வைக்கும் இடம் பற்றி ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. மழை என்று வராண்டாவுக்குள் இழுத்துப் போடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசமோ கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். புகைக்குழாய் ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது. அதேபோல, இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பழக்கத்தைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். மெயின் ஸ்விட்ச்சை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகும். அறுந்த கம்பியைக் கட்ட மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அது தெரியாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காவிட்டால் வீட்டிலுள்ள ஷாக் தடுக்கும் பிரேக்கர் வேலை செய்யாது. அதையும் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுச் செய்யுங்கள்.

புங்க எண்ணெய் ஊற்றலாமா என்று ஊரில் கேட்பார்கள். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் என்ஜினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள், அது உண்மை. வேர்க்கடலை விளைகிற மண்ணில் அந்தக் கேள்வி எழுவதும் நியாயம்தான். ஆனால் பக்குவப்படுத்தாத எண்ணெய் கெட்டியானது. இன்றைய நாசிலில் பிசினாகிவிடும். ஊற்றாதீர்கள்.

ஓட்டும் முறை எங்கள் வீட்டில் ஒரு தாளில் எழுதி சேஞ்ச் ஓவர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அம்மாவே ஓட்டுவதால் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. முதலில் ஆயில் குச்சி. லோடு இல்லாமல் ஸ்டார்ட். மூன்று நிமிஷம். பிறகு சேஞ்ச் ஓவர், முதலில் மோட்டார், அது நிலைத்த பின் ஃபிரிட்ஜ், பிறகு மற்றவை. நிறுத்தும்போது தலைகீழ்: மோட்டாரை அணைத்து, லோடு எடுத்து, மூன்று நிமிஷம் சும்மா ஓட விட்டு நிறுத்த வேண்டும். சப்மெர்சிபிள் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜினை நிறுத்தினால் இறங்கும் வேகத்தில் மோட்டாரின் அடித் தாங்கி பேரிங் அடிபடும். டீசல் தீரும் வரை ஓட்டக் கூடாது. ஏர் புகுந்தால் பம்பிலிருந்து ஏர் எடுக்காமல் மறுபடி கிளம்பாது. புது என்ஜினுக்கு முதல் 50 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும், அதன் பிறகு கம்பெனி புத்தகத்தில் சொன்னபடி. கரண்ட் போகாத மாதமாக இருந்தாலும் வாரம் ஒரு தடவை மோட்டார் போட்டு இருபது நிமிஷம். ஐப்பசி மழைக்கு முன் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும். பாதி டேங்க் என்றால் மேலே உள்ள காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும்.

தாளின் கடைசி வரி அம்மா தானாகச் சேர்த்தது: "ராத்திரிக்கு இதைப் போட வேண்டாம்."